ஒரே கண்மாய், பல துறைகள்: இளங்கலைப் படிப்பில் பாடங்கள் எங்கே சந்திக்கின்றன?

கண்மாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2022-23 முதல், முதலாண்டு மாணவர்கள் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரு தாள்களைப் படிக்கிறார்கள். தலா ஒரு மதிப்பலகுதான். இரண்டாவது தாளில் பாசனம் பற்றிய அலகில் சோழர் காலக் குமிழித்தூம்பு வருகிறது. சிவில் மாணவர் அதைச் சிறுவினாவுக்காகப் படித்து எழுதிவிட்டுப் போகிறார். பிறகு பாய்ம இயக்கவியலில், தொட்டியின் அடியிலுள்ள துளை வழியே நீர் எவ்வளவு வேகமாக வெளியேறும் என்று அதே மாணவர் கணக்குப் போடுகிறார். முன்பு படித்ததும் இந்தக் கணக்கும் ஒரே பொருளைப் பற்றியவை என்று வினாத்தாள் சொல்வதில்லை, பாடநூல் சொல்வதில்லை, பெரும்பாலும் ஆசிரியரும் சொல்வதில்லை. நான் சிவில் துறையில் பாடம் எடுப்பவன். இது என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

குமிழித்தூம்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இது கரையில் பொருத்திய மதகு அல்ல. கரையிலிருந்து தள்ளி, கண்மாயின் உள்வாயில் நிற்கும். இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், தூண்களுக்கு நடுவே தரையோடு ஒரு கல்தொட்டி. தொட்டியின் மூடியில் ஒரு பெரிய துளை. அது நீரோடித் துளை. தொட்டியின் அடிப்பக்கம் சிறிய துளைகள்; அவை சேறோடித் துளைகள். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுருங்கை (மூடிய கால்வாய்) போய் வாய்க்காலில் திறக்கும். குறுக்குக் கற்களின் ஊடாக இறங்கும் தண்டின் முனையில் இருக்கும் அடைப்பைத் தூக்கினால், நீர் குமிழியிட்டு உள்ளே இறங்கும். வண்டலும் கூடவே வயலுக்குப் போய்விடும்.

கோடையில் நீர் வற்றியிருந்த ஒரு கண்மாய்க்கு என் மாணவர்கள் சிலரும், பக்கத்துக் கலைக் கல்லூரியின் வரலாற்று மாணவர்கள் சிலரும் சேர்ந்து போனார்கள். தூணில் எழுத்துகள் இருந்தன. வரலாற்று மாணவி ஒருவர் தூணைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கத் தொடங்கினார். என் மாணவர் ஒருவர் அளவுநாடாவைப் பிடித்துத் துளையின் விட்டத்தையும் குறுக்குக் கற்களின் உயரத்தையும் குறித்துக்கொண்டார். குறித்தவுடன் ஒரு ஊகத்தையும் சொன்னார்: கீழ்க் குறுக்குக் கல் நீர்மட்டக் குறியாக இருந்திருக்க வேண்டும், நீர் அதற்குக் கீழே இறங்கியதும் முறை வைத்துப் பாய்ச்சியிருப்பார்கள் என்று. கேட்க அழகாக இருந்தது. மைப்படி எடுத்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. கல்வெட்டில் தூம்பு செய்வித்தவர் பெயர் இருக்கிறது, செய்வித்த செய்தி இருக்கிறது, மட்டம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நடந்திருக்கலாம் என்று எழுதலாம், நடந்தது என்று எழுதக்கூடாது என்றார்.

சற்று நேரத்தில் இது திரும்பியது. இத்தகைய தூம்புகள் ஊருக்கே சமமாக நீர் வழங்கின என்று தம் வகுப்புக் குறிப்பில் இருப்பதை அந்த மாணவி சொன்னார். சமமாக என்றால் எப்படி என்று என் மாணவர் கேட்டார். சம நேரம் திறந்துவைத்தால் சம நீர் வராது. வெளியேறும் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. துளை 20 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 4 மீட்டர் நீர் நின்றால் நொடிக்குச் சுமார் 167 லிட்டர் இறங்கும். 1 மீட்டர் நின்றால் சுமார் 83 லிட்டர்தான். துளையின் வெளியேற்றக் குணகத்தை 0.6 என்று கொண்டு, சுருங்கையின் உராய்வைச் சேர்க்காமல் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனாலும் மட்டம் கால்வாசியாகும்போது வரத்து பாதியாகும் என்பது மாறாது. அப்படியென்றால் கடைசியில் முறை வந்தவருக்கு என்ன கிடைத்தது?

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அங்கே இருந்த ஒருவராலும் தனியாக முடியவில்லை. துறைகடந்த சிந்தனை என்று எல்லாரும் பேசுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு துறையின் ஆள் இன்னொரு துறையின் ஆளிடம் ‘இதை நீ எப்படிச் சொல்கிறாய்’ என்று கேட்டுத் திருத்துவது. இளங்கலையிலேயே இது பழகவில்லை என்றால் பிறகு பழகுவது கடினம். இதற்குப் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறதா? உங்கள் கல்லூரிகளில் என்ன நடக்கிறது?

கட்டுமானன்

நான் களத்தில் இருப்பவன். புதிதாக வரும் சிவில் பட்டதாரிகளை வேலைக்கு எடுப்பதும் பழக்குவதும் என் பொறுப்பில் இருக்கின்றன. மறுத்துப் பேசுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா.

கம்பி வளைப்புப் பட்டியலை ஒழுங்காகப் போடத் தெரியாதவர்கள் வருகிறார்கள். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் உறை வேண்டும், இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் எவ்வளவு நீளம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கான்கிரீட் கலவையின் இளக்கத்தை அளக்கும் சரிவுச் சோதனைக் கூம்பைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டில் ஒரு துறையே கைக்கு வராதபோது ஐந்து துறையை உள்ளே கொண்டுவந்தால் எதுவும் மிஞ்சாது. உங்கள் மாணவர் வர்க்கமூலக் கணக்கைச் சொல்லி அந்த மாணவியைத் திருத்த முடிந்தது, அவருக்குப் பாய்ம இயக்கவியல் தெரிந்திருந்ததால்தான். தெரியாதவர் அங்கே போயிருந்தால் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

முதலில் ஒன்றில் கால் ஊன்றட்டும். மற்றதை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனைக்குழாய்

கட்டுமானன் ஐயா சொல்வதில் ஆழம் பற்றிய பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். ‘முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இளங்கலையே கடைசிப் படிப்பு. அதற்குப் பிறகு அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், முடிவுகள் எடுக்கிறார்கள்.

நான் வேதியியல் கற்பிக்கிறேன். பதினைந்தாம் தொகுதித் தனிமங்களை நடத்தும்போது ஆர்செனிக்கின் எலக்ட்ரான் அமைப்பு, ஆக்சிஜனேற்ற எண்கள், சேர்மங்கள் என்று வரிசையாகப் போவோம். வங்கதேசத்தின் பெயர் பாடத்தில் வராது. அங்கே 1970-களில் குளம்குட்டை நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல நோக்கம். கிருமி குறைந்தது. ஆனால் அந்த நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் அப்போது இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில், தோலில் கரும்புள்ளிகளோடும் உள்ளங்கையில் தடிப்புகளோடும் வந்த கிராமத்து நோயாளிகளைப் பார்த்து 1983-இல் கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாகா இது ஆர்செனிக் நஞ்சு என்று கண்டுகொண்டார். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993-இல்.

காரணம் நிலவியலில் இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படிய வைத்த வண்டலில் இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டி ஆர்செனிக் கிடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் நுண்ணுயிரிகள் கரிமப்பொருளைச் சிதைக்கும்போது அந்த இரும்பு கரைகிறது. ஆர்செனிக் விடுபட்டு நீரில் சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பல கிணறுகளில் அதைப்போல் பல மடங்கு இருந்தது.

கிணறு தோண்டியவர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். பொதுச் சுகாதாரத் துறையினர் கிருமியைச் சரியாக எண்ணினார்கள். வண்டலை அறிந்த நிலவியலாளர் வேறொரு கட்டடத்தில் இருந்தார். ஒவ்வொருவரிடமும் ஆழம் இருந்தது, ஐயா. ஒருவரை ஒருவர் கேட்கும் பழக்கம் மட்டும் இல்லை. இந்தக் கதையைத் தனிம அட்டவணையோடு சேர்த்து நடத்தத் தொடங்கிய பிறகு, ஆக்சிஜனேற்ற எண் எதற்கு என்று என் வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

முதல்பட்டதாரி

வணக்கம். நான் கணிதம் இரண்டாம் ஆண்டு, இரண்டாம் சுழற்சி. மாணவர் தரப்பிலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பகுதி நான்கில் பிறதுறை விருப்பப்பாடம் உண்டு. அதை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தத் துறைக்கு வகுப்பு நேரம் குறைவாக இருந்ததோ அந்தத் துறைக்கு எங்கள் வகுப்பு மொத்தமாக ஒதுக்கப்பட்டது. நுகர்வோர் உரிமைகள் என்று ஒரு சிறு கையேடு, அதிலிருந்து கேள்விகள், தேர்ச்சி. அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் எங்கள் துறை என்ன என்று கேட்டதாகக்கூட நினைவில்லை. சுற்றுச்சூழல் கல்வியும் இப்படியே. உச்ச நீதிமன்றம் 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் காட்டிய வழியில் எல்லாப் பட்டப்படிப்புக்கும் அது கட்டாயமாயிற்று என்று அந்தப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இருந்தது. எங்கள் ஊர்க் குளம் எப்படிச் செத்தது என்று கடைசிப் பாடம் வரை இல்லை.

வகுப்பு முடிந்து நேராக வேலைக்குப் போகிறவர்கள் எங்களில் பாதிப் பேர். அரியர் இருந்தால் அதற்கும் படிக்க வேண்டும். துறைகடந்து சிந்திக்க வேண்டும் என்று கூடுதலாக ஒரு தாளைச் சேர்த்தால் எங்களுக்கு அது இன்னொரு சுமை. கண்மாய்க்கரை ஐயாவின் மாணவர்கள் கண்மாய்க்குப் போன பஸ் கட்டணத்தைக் கல்லூரி கொடுத்ததா? குறை சொல்லக் கேட்கவில்லை. இது நடக்குமா நடக்காதா என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அதில்தான் இருக்கிறது.

கண்மாய்க்கரை

தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கொடுக்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் களப்பணியாக அந்தப் பயணத்தை வைத்ததால் வண்டிச் செலவு அதில் அடங்கியது. பகுதி ஐந்துக்கான (விரிவாக்கப் பணி) நேரமும் கணக்கில் வந்தது. புதிய தாள் எதையும் சேர்க்கவில்லை. நான் கேட்பதும் கூடுதல் தாள் அல்ல. ஏற்கெனவே இருக்கிற தாள்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பதுதான்.

கட்டுமானன் ஐயாவுக்கு எலினார் ஆஸ்ட்ரமைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். படித்ததோ அரசியல் அறிவியல். பள்ளியில் போதிய கணிதம் படிக்காததால் பொருளியல் முனைவர் படிப்பில் அவரைச் சேர்க்கவில்லை. அரசியல் அறிவியலில் சேர்ந்து, தெற்குக் கலிஃபோர்னியாவில் கடல்நீர் உட்புகுந்துகொண்டிருந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை அதன் பயனாளிகள் எப்படிக் கூடி நிர்வகித்தார்கள் என்று ஆய்ந்து 1965-இல் பட்டம் பெற்றார்.

பின்னாளில் அவரும் அவருடைய குழுவினரும் நேபாளத்துப் பாசனங்களை ஆராய்ந்தார்கள். ஒருபக்கம் விவசாயிகள் கல்லும் மரமும் மண்ணும் வைத்துக் கட்டி ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் தடுப்புகள். மறுபக்கம் பொறியாளர்கள் கான்கிரீட்டில் கட்டிய நிரந்தரத் தலைமதகுகள். விவசாயிகளே நடத்திய பாசனங்களில்தான் கடைமடைக்கு நீர் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் என்பதுதான் நம் மாணவர்கள் யோசிக்க வேண்டியது. மண் தடுப்பு ஆண்டுதோறும் உடையும். அதைச் சீர்செய்ய ஆள் வேண்டும். கடைமடைக்காரர் வந்து மண் சுமக்காவிட்டால் தலைமடைக்காரருக்கும் நீர் இல்லை. ஆகவே கடைமடைக்காரரின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. கான்கிரீட் வந்ததும் தலைமடைக்காரருக்கு அவர் தேவைப்படவில்லை.

கட்டுமானத்தில் ஒரு பிழையும் இல்லை. ஊரார் கூடிக் கண்மாயைப் பழுதுபார்த்த நம் குடிமராமத்துக்கும் பின்னால் இதே தர்க்கம் இருந்தது. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தவுடன் வசதியுள்ளவருக்குக் கண்மாயின் தேவை குறைந்தது; கரையில் மண் போட ஆள் வரவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. இவற்றில் எங்காவது வேலை பார்க்கப்போகும் சிவில் பட்டதாரிக்கு, கான்கிரீட் போடுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கு அவர் அரசியல் அறிவியலில் பட்டம் வாங்க வேண்டியதில்லை. அந்தத் துறை மாணவர் ஒருவரோடு ஒரு பருவம் ஒரே சிக்கலில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அலுவல்தாள்

உட்கார வைப்பதில்தான் சிக்கல். பாடத்திட்டப் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல். வரலாற்று ஆசிரியரும் சிவில் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று இரண்டு மணி நேரம் நடத்தினால் அந்த நேரம் யார் கணக்கில்? எங்களிடம் ஒருவர் கணக்கில்தான் ஏறும். மற்றவர் தம் 16 மணிக்கு மேல் உழைக்க வேண்டும். விருப்பமுள்ள ஆசிரியர்களும் ஒரு பருவத்தோடு நிறுத்திவிடுவதற்கு இதுதான் முதல் காரணம். கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 2040-க்குள் உயர்கல்வி நிறுவனங்கள் எல்லாம் பல்துறை நிறுவனங்களாக மாற வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று ஆசிரியர் உள்ள ஒரு சிறு துறையை ‘பல்துறை’ என்ற பெயரில் இன்னொன்றோடு இணைத்து, ஓய்வுபெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டால், சந்திப்பதற்கு இரண்டு துறைகள் இருக்காது. மைப்படி எடுக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் அந்தக் கலைக் கல்லூரியில் இருந்ததால்தான் உங்கள் கண்மாயில் விவாதமே நடந்தது. பல்துறைக் கல்வியை ஆதரிக்கிறவர்கள் முதலில் தனித்துறை ஆசிரியர் பணியிடங்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி

அலுவல்தாள் அம்மாவின் கடைசி வரியை வழிமொழிகிறேன்.

நான் தமிழ்த்துறை. கலை அறிவியல் கல்லூரியில் எல்லாத் துறை மாணவரையும் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு உண்டு. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் இயற்பியலும் வணிகவியலும் புவியியலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இந்த வாய்ப்பை நாங்கள் பயன்படுத்துவது மிகக் குறைவு. அணியையும் திணையையும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

புறநானூற்றில் பதினெட்டாம் பாட்டு. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், நிலம் பள்ளமாக நெளிந்து கிடக்கும் இடங்களில் நீர்நிலை பெருகச் செய்தவர்களே நிலைத்த புகழ் பெற்றவர்கள் என்கிறார். இதன் புறத்துறை முதுமொழிக்காஞ்சி என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. நான் புவியியல் மாணவரிடம் திரும்பி, நம் வட்டாரத்தில் நிலம் எங்கே நெளிகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னேன். அவர் 1:50,000 அளவுள்ள இந்திய நிலஅளவைத் துறைத் தாளைக் கொண்டுவந்து விரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் காட்ட முடியாது அம்மா என்றார். அந்தத் தாளில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் ஒரு கண்மாய் நிரம்பி அடுத்ததற்குப் போகும் சரிவு அதில் ஒரு கோட்டைக்கூடத் தொடாது. கோடுகளுக்கு நடுவே தட்டையாகத் தெரியும் வெளியில் கண்மாய்கள் சங்கிலியாகக் கிடக்கின்றன.

வகுப்பில் அன்று எழுந்த கேள்வி இன்னும் எங்களிடம் இருக்கிறது. வரைபடத்துக்கே அகப்படாத சரிவைக் கண்மாய் வெட்டியவர்கள் எப்படிக் கண்டார்கள்? மழை பெய்யும்போது நீர் ஓடும் தடத்தைப் பார்த்திருப்பார்கள் என்றார் ஒரு வணிகவியல் மாணவி. அவருடைய தாத்தா நீர்பாய்ச்சியாக இருந்தவராம். பகுதி ஒன்று வகுப்பில் அந்த மாணவி அதுவரை வாய் திறந்ததில்லை.

அந்தப் பாட்டை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள் என்பது எனக்கு உறுதி. தேர்வில் கேட்டால் எழுதுவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாட்டு ஒரு நிலத்தைப் பற்றியது என்று தெரிந்துகொண்டார்கள்.

வன்னிமேடு

நல்ல இழை. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மதகு என்பதை நாங்கள் துருசு என்போம், நிரம்பிய நீர் வழியும் கலுங்கை வான் என்போம். மற்றபடி பிரச்சினை ஒன்றுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இங்கே அறிவியல் நகரில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இரணைமடுக் குளம். அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர்கள் (விவசாயிகள்) சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, நீர் போதாது என்று எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் நைட்ரேட்டாலும் உப்பாலும் கெட்டுக்கொண்டிருந்தது. அவர்களின் தேவையும் பொய்யில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நோக்கித் திட்டம் திரும்பியது.

குளத்தின் கொள்ளளவைப் பொறியியல் மாணவர் கணிப்பார். சிறுபோக நெல்லுக்கு எவ்வளவு நீர் தேவை என்று விவசாய மாணவர் கணிப்பார். இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்து, கமக்காரர் அமைப்பின் ஆட்களையும் கூப்பிட்டு இருத்தி ஒரு பருவம் பேசினால் அதைவிடச் சிறந்த பாடம் வேறு இல்லை. ஒரே சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடிக்கிற பிள்ளைகள். தூரம் ஒரு தடையே இல்லை.

எங்கள் பக்கத்தில் கலை, விஞ்ஞானப் பொதுப்பட்டத்துக்கு மூன்று பாடங்களை எடுத்துப் படிக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. மூன்று பாடம் படிப்பதால் மட்டும் மூன்றும் ஒன்றோடொன்று பேசிவிடாது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். மூன்றுக்கும் மூன்று கொப்பிகள், மூன்று பரீட்சைகள்.

கட்டுமானன்

எல்லாவற்றையும் படித்தேன். நேபாளத்துச் செய்தி என்னை யோசிக்க வைத்தது. களத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கிராமச் சாலை. வேறு ஒப்பந்ததாரர் செய்த வேலை. சாலைக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம் வரைபடத்தின்படியே கட்டப்பட்டிருந்தது. மழைநீர் கணக்கு, சுமை கணக்கு எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாலத்தின் அடித்தளம் பழைய வயல்வாய்க்காலின் மட்டத்தைவிட உயரமாக அமைந்துவிட்டது. மேற்குப் பக்கத்து வயல்களில் நீர் தேங்கியது, கிழக்கே போகவில்லை. ஊரார் பலமுறை மனு கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் சாலையை வெட்டிக் குழாய் இறக்கினார்கள். அந்த வாய்க்கால் அங்கே ஓடுவது ஊரில் எல்லாருக்கும் தெரியும். வரைந்தவர் கோடையில் வந்து பார்த்திருக்கிறார். அப்போது அது வெறும் புல் முளைத்த பள்ளம். யாரையும் கேட்கவில்லை. ஊராரிடம் கேள் என்று எந்த வகுப்பிலும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே இளங்கலையிலேயே வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒரு நிபந்தனையோடு. கண்மாய்க்குப் போகும் சிவில் மாணவர் மட்டக்கருவியை நிறுத்தி, அளவுக்கோலைப் பிடித்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து பிழையைச் சரிபார்த்து ஒரு முழு மட்ட அளவையைச் செய்துவிட்டுத்தான் மற்றவரோடு பேச வேண்டும். ஏட்டுச்சுவடி அம்மாவின் புவியியல் மாணவருக்குக் கிடைக்காத சரிவை அவர்தான் அளந்து கொடுக்க முடியும். தம் பங்கைக் கொண்டுவராதவருக்குக் கூட்டத்தில் இடம் இருக்கக்கூடாது.

சோதனைக்குழாய்

முழுச் சம்மதம். வேதியியல் மாணவர்களுக்கும் அதே விதி: நீரில் உப்பையும் கடினத்தன்மையையும் தரம்பார்த்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

அலுவல்தாள்

மதிப்பீட்டைப் பற்றி ஒரு யோசனை. தன்னாட்சிக் கல்லூரிகளில் அகமதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது. இரண்டு துறைகளின் பாட வாரியங்கள் ஒரே களப்பணி அறிக்கையை இரண்டு தாள்களுக்கும் அகமதிப்பெண்ணாக ஏற்கலாம் என்று தீர்மானம் போட்டால் போதும். புதிய தாள் வேண்டாம், புதிய மதிப்பலகு வேண்டாம், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் நேரச் சிக்கல் தீராது. ஆனால் மாணவர் சுமை அதிகரிக்காது. கண்மாய்க்கரை ஐயா, அறிக்கைக்கு நீங்கள் கொடுத்த வினாவை இங்கே பகிர்ந்தால் எங்கள் வாரியக் கூட்டத்தில் வைக்கிறேன்.

கண்மாய்க்கரை

மகிழ்ச்சியோடு தருகிறேன். வினா இதுதான்: “இந்தக் கண்மாயின் ஆயக்கட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம நேரம் மடை திறக்கப்படுவதாகக் கொள்க. முதல் முறைக்காரருக்கும் கடைசி முறைக்காரருக்கும் கிடைக்கும் நீரின் அளவை ஒப்பிடுக. முறை வரிசையை யார், எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள் என்பதற்கு ஊரில் கிடைக்கும் சான்றுகளைத் தருக. சான்று எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுக.”

முதல் பாதிக்குத்தான் எங்கள் அறிக்கைகளில் திருப்தியான விடை வரவில்லை. மாணவர்கள் இரண்டு உயரங்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். நீர் வடிய வடிய என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்க்கவில்லை.

முதல்பட்டதாரி

ஐயா, இது வகைக்கெழுச் சமன்பாடு. இந்தப் பருவத்தில் படிக்கிறோம். வேலை முடிந்து வந்து போட்டுப் பார்த்தேன்.

கண்மாயைச் செங்குத்துச் சுவருள்ள ஒரு பெரிய தொட்டி என்று எடுத்துக்கொண்டேன். மட்டம் குறையும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். தொகையிட்டால், கழிந்த நேரம் தொடக்க உயரத்தின் வர்க்கமூலத்துக்கும் இப்போதைய உயரத்தின் வர்க்கமூலத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேர்விகிதமாக வருகிறது. கால்வாசியின் வர்க்கமூலம் அரை. ஆகவே தொட்டி முழுதும் வடிய ஆகும் நேரத்தில் முதல் பாதி முடியும்போதே முக்கால் பங்கு நீர் போய்விடுகிறது. மிச்ச பாதி நேரத்துக்குக் கால் பங்கு நீர்தான். வரிசையில் முதல் பாதியில் இருக்கும் குடும்பங்களுக்கு, பின்பாதியில் இருப்பவர்களைப்போல் மூன்று மடங்கு கிடைக்கும். எல்லாருக்கும் மணிக்கணக்கு ஒன்றுதான்.

சரியா என்று பாருங்கள்.

கண்மாய்க்கரை

சரி. மிகச் சரி. உங்கள் விடையில் ஓர் இடம் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. கண்மாய்க்குச் செங்குத்துச் சுவர் கிடையாது. கரைப்பக்கம் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப்போக மேடு. மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பு சுருங்கும். அப்போது உங்கள் மூன்று மடங்கு மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு ஒவ்வொரு மட்டத்திலும் பரப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கட்டுமானன் ஐயா கேட்ட மட்ட அளவை அதற்குத்தான் தேவை. என் மாணவர்கள் எடுத்த பாதி அளவை என்னிடம் இருக்கிறது. மீதியை மழைக்கு முன் முடிக்கிறோம். எண்களை இங்கேயே போடுகிறேன். உங்கள் வகுப்பில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி

அந்த வணிகவியல் மாணவியிடம் பேசினேன். தாத்தா இருக்கிறாராம். அவர் காலத்தில் முறை மேல்மடையிலிருந்துதான் தொடங்கும், ஆனால் நீர் குறைந்த ஆண்டில் கீழ்மடையிலிருந்து திருப்பித் தொடங்கிய வழக்கமும் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். யாருடைய வயல்கள் கீழ்மடையில் இருந்தன, அந்த வழக்கத்தை யார் நிறுத்தினார்கள் என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பேச்சைப் பதிவு செய்ய அவர் சம்மதித்தால் வரலாற்று மாணவர் ஒருவரை அனுப்ப முடியுமா, கண்மாய்க்கரை ஐயா? கேள்விகளை நாங்கள் எழுதுகிறோம்.

கண்மாய்க்கரை

மைப்படி எடுத்த மாணவியே வருவார். முதல்பட்டதாரி தம்பியின் கணக்கை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். திருப்பித் தொடங்கிய ஆண்டுகளில் கீழ்மடைக்குக் கிடைத்த நீரையும் அதே முறையில் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்.